குளிர்பதனப் பெட்டியின் ஓராண்டு மின்செலவைக் கணக்கிடுவது எப்படி?

நம் சிங்கப்பூர் வீடுகளில் இரவு பகல் பாராமல் ஆண்டு முழுவதும் இணைப்பிலேயே இருக்கும் சாதனம் குளிர்பதனப் பெட்டி. ஆனால், மாதந்தோறும் வரும் கட்டணச் சீட்டில் வீடு முழுவதற்குமான மின்பயன்பாடு ஒரே எண்ணாக இருப்பதால், அதில் இந்தப் பெட்டியின் பங்கு எவ்வளவு என்பது நமக்குத் தெரிவதில்லை. அதைக் கண்டுபிடிக்க மின்னியல் படித்திருக்கத் தேவையில்லை. பெட்டி ஓராண்டில் எத்தனை கிலோவாட் மணி மின்சாரத்தைப் பயன்படுத்துகிறது, ஒரு கிலோவாட் மணிக்கு நாம் எத்தனை காசு கொடுக்கிறோம் என்ற இரண்டு எண்கள் கையில் இருந்தால் போதும். தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் ஒரு யூனிட் என்று குறிக்கப்படுவதும் இதே கிலோவாட் மணிதான்.

முதல் படி: கட்டண விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

சிங்கப்பூரில் வீடுகளுக்கு மின்சாரம் வழங்கும் எஸ்பி குழுமத்தின் வரையறுக்கப்பட்ட கட்டணம் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் ஒப்புதலுடன் மாற்றியமைக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை வீடுகளுக்கான கட்டணம் ஒரு கிலோவாட் மணிக்கு 27.47 காசாக இருந்தது (100 காசு ஒரு வெள்ளி, அதாவது ஒரு சிங்கப்பூர் டாலர்). இது பொருள் சேவை வரிக்கு முந்திய தொகை. 9 விழுக்காட்டு வரியைச் சேர்க்க 1.09 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 29.94 காசு வரும். கணக்கு எளிதாக இருக்க இக்கட்டுரை முழுவதிலும் 30 காசு என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் உங்கள் கட்டணச் சீட்டில் உள்ள விகிதத்தையே போட்டுப் பாருங்கள். வேறு மின்விற்பனை நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்திருப்பவர்கள், ஒப்பந்த விகிதத்தில் வரி சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டணச் சீட்டின் மொத்தத் தொகையைக் கிலோவாட் மணியால் வகுத்து விகிதம் காண முயல வேண்டாம். அந்தத் தொகையில் தண்ணீர்க் கட்டணமும் குப்பை அகற்றும் கட்டணமும் கலந்திருக்கும். அரசு தரும் யூ-சேவ் கட்டணத் தள்ளுபடி கிடைக்கும் மாதத்தில் அது குறைந்தும் இருக்கும்.

இரண்டாம் படி: பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள்

சிங்கப்பூரில் 2008 முதல் குளிர்பதனப் பெட்டிகளுக்கு எரிசக்திச் சீட்டு கட்டாயமாக இருக்கிறது. அதில் பெட்டி எவ்வளவு சிக்கனமானது என்பதைக் காட்டும் டிக் குறிகளோடு, ஆண்டு மின்பயன்பாடு கிலோவாட் மணியிலும் ஆண்டுச் செலவு வெள்ளியிலும் அச்சிடப்பட்டிருக்கும். வெள்ளிக் கணக்கை விட்டுவிடுங்கள், ஏனெனில் அது ஏதோ ஒரு காலத்துக் கட்டணத்தைக் கொண்டு போடப்பட்டது. கிலோவாட் மணியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சீட்டில் 380 என்று இருந்தால், 380 × 0.30 = 114 வெள்ளி.

சீட்டு கிழிந்துபோன பழைய பெட்டிக்குப் பலர் வேறொரு வழியில் கணக்கிடுகிறார்கள். பெட்டியின் பின்புறத் தகட்டில் 150 வாட் என்றிருப்பதைப் பார்த்து, அதை 24 மணி நேரத்தாலும் 365 நாளாலும் பெருக்கி, 1,314 கிலோவாட் மணி, அதாவது 394 வெள்ளி என்று முடிவு செய்கிறார்கள். இது உண்மைக்கு வெகு தொலைவில் இருக்கிறது. சாதாரணப் பெட்டியில் குளிரை உண்டாக்கும் இயந்திரமான கம்ப்ரசர் இடைவிடாமல் ஓடுவதில்லை. உள்ளே வேண்டிய குளிர் வந்ததும் நின்று, வெப்பம் ஏறியதும் மீண்டும் தொடங்குகிறது. இன்வெர்ட்டர் வகைப் பெட்டியில் அது தொடர்ந்து ஓடினாலும் பெரும்பாலும் குறைந்த வேகத்தில், குறைந்த மின்சாரத்தில் ஓடுகிறது. எனவே தகட்டில் உள்ள வாட் எண்ணைக் கொண்டு ஆண்டுச் செலவைச் சொல்லிவிட முடியாது.

மூன்றாம் படி: உங்கள் வீட்டிலேயே அளந்து பாருங்கள்

என் கருத்தில், இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். சீட்டில் உள்ள எண் ஆய்வுக்கூடத்து நிலையில் எடுக்கப்பட்டது. நம் வீட்டுச் சமையலறை அப்படி இருப்பதில்லை. சுவர்ச் செருகிக்கும் பெட்டியின் கம்பிக்கும் இடையே பொருத்தும் சிறிய மின்னளவி மின்பொருள் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. வாங்கும்போது அது 230 வோல்ட், 13 ஆம்பியர், மூன்று முனைச் செருகிக்கு உரியதா என்பதையும், கிலோவாட் மணியைக் கூட்டிக் காட்டுகிறதா என்பதையும் பாருங்கள். அந்தந்த நொடியின் வாட்டை மட்டும் காட்டும் கருவி இதற்குப் பயன்படாது.

பெட்டியின் இணைப்பை எடுத்து, ஐந்து நிமிடம் பொறுத்து, அளவியின் வழியாக மீண்டும் இணையுங்கள். கம்ப்ரசர் நின்ற உடனேயே அதை மறுபடியும் இயக்கினால், குழாய்களில் அழுத்தம் சமப்படும் முன் அது திணறும் என்பதால்தான் இந்தக் காத்திருப்பு. பிறகு அளவியைச் சுழியாக்கி, நேரத்தைக் குறித்துக்கொண்டு, முழுமையாக ஏழு நாட்களுக்கு அப்படியே விட்டுவிடுங்கள்.

ஒரு மணி நேரம் அளந்து பெருக்கினால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. பனி உறையாத வகைப் பெட்டியில், குளிர்ச்சுருளில் படியும் பனியை உருக்க உள்ளே ஒரு சூடேற்றி இருக்கிறது. அது அவ்வப்போது சிறிது நேரம் கூடுதல் மின்சாரத்தை எடுக்கும். குறுகிய நேர அளவீட்டில் அது சிக்காமல் போகலாம், அல்லது சிக்கி முழுக் கணக்கையும் உயர்த்திவிடலாம். தவிர, தேக்கா சந்தைக்குப் போய் மீனும் காய்கறியும் வாங்கி வந்து நிரப்பும் நாளும், யாருமே வீட்டில் இல்லாத வேலைநாளும் ஒன்றாக இருக்காது. ஒரு வாரத்தில் இரண்டும் அடங்கிவிடும்.

ஏழு நாள் முடிவில் அளவி 8.4 என்று காட்டுகிறது என வைத்துக்கொள்வோம். 7 ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 1.2 கிலோவாட் மணி. 365 ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 438. அதை 0.30 ஆல் பெருக்கினால் 131 வெள்ளி 40 காசு. தகட்டை வைத்துச் சொன்ன 394 வெள்ளியில் இது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே.

அளவி இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஜூன் அல்லது ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படும்போது, வைஃபை கருவி உட்பட மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வீட்டு மின்மானியில் உள்ள எண்ணைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் மீண்டும் பாருங்கள். இடையில் கூடியது முழுவதும் குளிர்பதனப் பெட்டியின் பயன்பாடுதான். கதவே திறக்கப்படாத நாட்கள் என்பதால், அன்றாடப் பயன்பாட்டைவிட இந்த எண் குறைவாக இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

நான்காம் படி: வேறுபாட்டின் காரணத்தைத் தேடுங்கள்

நம் எடுத்துக்காட்டில், சீட்டைவிட அளவீடு 58 கிலோவாட் மணி கூடுதல். இந்த அளவு வேறுபாட்டுக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் சீட்டில் உள்ளதைப்போல் ஒன்றரை மடங்கோ இரு மடங்கோ வந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி. கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஈரம் உள்ளே நுழைந்து பனியாகப் படிகிறது. அதை உறையவைக்கவும் மின்சாரம், உருக்கவும் மின்சாரம். கதவின் ரப்பர் விளிம்பு தளர்ந்திருந்தால் இது நாள் முழுவதும் ஓயாமல் நடக்கும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள்; தடையின்றி வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும்.

அடுத்தது, பெட்டி நிற்கும் இடம். பல புதிய பெட்டிகள் வெப்பத்தைப் பக்கச் சுவர்களின் வழியாகவே வெளியேற்றுகின்றன. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடுகளில் புதுப்பிப்புப் பணியின்போது, பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்று அலமாரியைப் பெட்டியோடு ஒட்டி அமைத்துவிடுகிறார்கள். வெப்பம் போக வழியில்லாமல் கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடுகிறது. கையேட்டில் சொல்லியுள்ள இடைவெளியை அளந்து விட்ட பிறகே தச்சரிடம் அளவு கொடுங்கள். வெப்பநிலை குளிர்ப்பகுதியில் 4 பாகை செல்சியஸுக்கு மேற்படாமலும் உறைபெட்டியில் சுழியத்துக்குக் கீழ் 18 பாகையிலும் இருந்தால் போதும். அதற்கும் கீழே இறக்கினால் செலவுதான் கூடும்.

ஐந்தாம் படி: மாற்றலாமா என்று முடிவு செய்யுங்கள்

பழைய பெட்டி ஆண்டுக்கு 700 கிலோவாட் மணி எடுக்கிறது, வாங்க நினைக்கும் புதியது 300 எடுக்கும் என்றால், மிச்சம் 400 கிலோவாட் மணி, அதாவது 120 வெள்ளி. புதியதன் விலை 900 வெள்ளியானால், மின்செலவில் மட்டும் அதை மீட்க ஏழரை ஆண்டு ஆகும். சிக்கனமான சாதனங்கள் வாங்க அரசு தரும் பருவநிலைப் பற்றுச்சீட்டில் 300 வெள்ளியை இன்னும் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் வீவக குடும்பங்களுக்கு இது ஐந்து ஆண்டாகக் குறையும். குளிர்பதனப் பெட்டியாயின் குறைந்தது மூன்று டிக் உள்ளதையே அதைக் கொண்டு வாங்க முடியும். நன்றாக ஓடும், 438 எடுக்கும் பெட்டியை மின்செலவைக் காட்டி மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் ஆண்டுக்கு 41 வெள்ளி சொச்சம்தான் மிஞ்சும்.

புதியதை வாங்கிய பின்னும் பழையதைச் சமையலறைக்குப் பின்னால் வைத்து, தீபாவளிப் பலகாரத்துக்கும் குளிர்பானத்துக்கும் என்று ஓட்டுவது பல வீடுகளில் உண்டு. அப்படிச் செய்தால் செலவு 90 வெள்ளிக்கு இறங்காது, 210 வெள்ளியோடு 90 சேர்ந்து 300 வெள்ளியாக ஏறும். 2021 ஜூலை முதல், புதிய பெட்டியைக் கொண்டுவந்து தரும் விற்பனையாளர் அதே வகைப் பழைய பெட்டி ஒன்றைக் கட்டணமின்றி எடுத்துச் செல்ல வேண்டும் என்பது சட்டம். ஆகவே வாங்கும்போதே அதைக் கடைக்காரரிடம் சொல்லி, விநியோக நாளுக்கு முந்திய இரவே பழையதைக் காலி செய்து வையுங்கள்.