மார்பில் கட்டி தட்டுப்பட்டால்

குளிக்கும்போது இடது மார்பில் கோலிக்குண்டு போல ஒன்று தட்டுப்பட்டது. அழுத்தினால் விரலுக்கடியில் நழுவியது, வலி இல்லை. ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் செய்து, ஃபைப்ரோஅடினோமா என்ற சாதாரணக் கட்டிதான், புற்றுநோய் அல்ல என்றார்கள். நழுவுகிறதே, ஆபத்தில்லை என்று நாமே முடிவுகட்டக் கூடாது. புதிய கட்டி எதுவானாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வலி வேறு கதை. மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பே எனக்கு இரண்டு மார்பும் கனத்துவிடும், வந்ததும் இறங்கிவிடும். ஹார்மோன் ஏற்ற இறக்கம்தான் காரணம். 3 மாதம் வலித்த நாட்களை காலண்டரில் வட்டமிடுங்கள், அப்புறம் கணக்கு புரியும். நன்றாகத் தாங்கும் பிரா போட்டதிலேயே எனக்குப் பாதி வலி குறைந்தது. இரவில் மென்மையானது ஒன்று.

காம்பில் இரத்தக் கசிவு, தோலில் குழி, அக்குளில் கட்டி என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.