காலிப்பர் போல்ட் மரை போய்விட்டதா? ஹெலிகாயில் போடுவது இப்படித்தான்

பிரேக் பேட் மாற்றி, காலிப்பரின் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) கடைசி போல்டை இறுக்கும்போது ஸ்பானர் பிடிப்பே இல்லாமல் சும்மா சுற்றுகிறதா? மரை போய்விட்டது. போன சாரல் சீசனில் செங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் எனக்கும் இதுதான் நடந்தது. போல்டைக் கழற்றிப் பார்த்தால் அதன் பல்லிடுக்கில் அலுமினியச் சுருள், அதாவது ஓட்டைக்குள் இருந்த மரையே உரிந்து வந்திருந்தது. துருவோ மண்ணோ இருக்கும் ஓட்டையில், கோணலாகப் பிடித்த போல்டை இம்பாக்ட் கன் வைத்து இறுக்கினால் இப்படித்தான் ஆகும்.

எம்சீல் தடவுவது, டேப் சுற்றுவது, கொஞ்சம் பெரிய போல்டை அடித்து ஏற்றுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். கோட்டைவாசலில் இருந்து புளியரைக்கு எஸ் வளைவில் இறங்கும்போது, முன்னால் லோடு லாரி நின்றால், அந்த வேகத்தை எல்லாம் தாங்குவது காலிப்பரைப் பிடித்திருக்கும் இந்த இரண்டு போல்ட்தான்.

முதலில் எந்த ஓட்டை என்று பாருங்கள், பாதி முடிவு இங்கேயே வந்துவிடும். சில கார்களில் மரை காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டில் இருக்கும், சிலதில் அந்தப் பிராக்கெட் மாட்டும் நக்கிளில், அதாவது சக்கரத்தைத் தாங்கும் பாகத்தில். பிராக்கெட் என்றால் வேறு பிராக்கெட் வாங்கி மாட்டிவிடலாம், அதுதான் நல்லது. காலிப்பர் நகர்ந்து ஓடும் கைடு பின்னில் மரை போயிருந்தால் பின்னையே மாற்றுங்கள், விலை அதிகம் இருக்காது. பிரேக் ஆயில் போகிற ஹோஸ் போல்ட் ஓட்டையோ, காற்று எடுக்கும் பிளீடர் ஓட்டையோ என்றால் நீங்கள் கை வைக்காதீர்கள், காலிப்பரையே மாற்றுங்கள், ஏனென்றால் அங்கே ஆயில் அழுத்தத்தில் கசியாமல் நிற்க வேண்டும். ஓட்டையைச் சுற்றி கீறல் விட்டிருந்தாலும் மாற்றுவதுதான் வழி. மிச்சம் இருப்பது நக்கிள் ஓட்டை. அதற்குத்தான் ஹெலிகாயில், ஸ்பிரிங் மாதிரி சுருண்ட ஸ்டெயின்லெஸ் கம்பி. ஓட்டையைப் பெரிதாக்கி அதை உள்ளே ஏற்றினால் பழைய அளவு போல்டே திரும்பப் பிடிக்கும்.

அளவு எடுக்காமல் கடைக்குப் போகாதீர்கள். 10 மில்லி போல்டிலேயே பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 1.25, 1.5 என்று இருக்கிறது. பழைய போல்டையே கையில் கொண்டு போங்கள். புனலூர்ப் பக்கம் கடையில் கேட்பதாக இருந்தால் "பிரி போயி சேட்டா" என்றால் போதும், மரையை அங்கே பிரி என்பார்கள். டிரில் பிட், டேப் (மரை வெட்டும் கருவி), காயில், அதை ஏற்றும் கருவி எல்லாம் சேர்ந்த கிட்டாக வாங்குங்கள். இந்த டேப் தனி அளவு, சாதாரண 10 மில்லி டேப் உதவாது.

சரி, வேலைக்கு வருவோம். சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுங்கள். காலிப்பரை ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். டிஸ்க்கையும் ஏபிஎஸ் சென்சாரையும் துணியால் மூடுங்கள், உலோகத்தூள் எல்லா இடத்திலும் போகும்.

அடுத்து டிரில், அவசரப்படக் கூடாத இடம் இதுதான். பிட் ஓட்டைக்கு நேராக நிற்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் போல்ட் சாய்ந்து உட்காரும், பிராக்கெட் நேராகப் பதியாது. பக்கத்தில் ஒருவரை நிறுத்தி இரண்டு பக்கமிருந்தும் பார்க்கச் சொல்லுங்கள், மெதுவான வேகத்தில் போடுங்கள். 10 மில்லிக்குச் சுமார் 10.4 பிட் வரும், ஆனாலும் கிட்டில் எழுதியிருப்பதுதான் கணக்கு. கை நடுங்குகிறது என்றால் நக்கிளைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டு போங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை.

அப்புறம் டேப். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, அப்போதுதான் சுருள் உடைந்து வெளியே வரும். அலுமினியம் என்றால் சில சொட்டு மண்ணெண்ணெய் விடுங்கள். முடிந்ததும் தூளை ஊதி, பிரேக் கிளீனரால் கழுவுங்கள். ஊதும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

காயிலைக் கருவியில் மாட்டி, அழுத்தாமல் சுற்றுங்கள், தானே உள்ளே இறங்கும். மேல்மட்டத்துக்குக் கால் முதல் அரைச் சுற்று கீழே போனதும் நிறுத்துங்கள். அடியில் குறுக்கே நிற்கும் சின்னக் கம்பியைப் பஞ்ச் வைத்து ஒரே தட்டில் உடைத்து, மூக்குக் குறடால் எடுங்கள். ஸ்டெயின்லெஸ் என்பதால் காந்தத்தில் சரியாக ஒட்டாது.

போல்ட் புதிது போடுங்கள், தலையில் பழையதில் இருந்த அதே 8.8 அல்லது 10.9 என்ற வலிமை எண் இருக்க வேண்டும். கடைசி வரை கையாலேயே சுற்றி ஏற வேண்டும். எங்கேயாவது பிடித்தால் கழற்றிப் பாருங்கள், ஸ்பானரை வைத்து ஏற்றாதீர்கள். பிறகு உங்கள் வண்டி மேனுவலில் இருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்குங்கள்.

டிஸ்க்கில் எண்ணெய்க் கை பட்டிருந்தால் துடைத்துவிட்டு, வண்டியை நகர்த்தும் முன் பிரேக் பெடலை அது கெட்டியாகும் வரை மிதியுங்கள். முதலில் தென்காசி ரோட்டில் சமதரையில் மெதுவாக நாலு முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். சில நாள் ஓட்டிய பிறகு சக்கரத்தைக் கழற்றி அந்தப் போல்டில் ரெஞ்ச் வைத்துப் பார்த்து, அது அசையவில்லை என்றால் மட்டும் ஆரியங்காவுப் பக்கம் ஏறுங்கள்.