சூப்பர்சார்ஜருக்கு முன்னால் ஃப்யூயல் பம்ப்

பெட்ரோல் பிக்கப் டிரக்கில் சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) மாட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் காற்றைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் எஞ்சினைக் காலி செய்வது பெட்ரோல் பற்றாக்குறை. காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தால் நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடித்துத் தட்டும் சத்தம்) வரும், அப்புறம் பிஸ்டன் ஓட்டையாகும்.

சிலிண்டருக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் அளவுக்கு ஒரு கணக்கு. 6 சிலிண்டரில் 300 குதிரைத்திறன் வேண்டுமென்றால், ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்குச் சுமார் 400 சிசி தர வேண்டும். இது இன்ஜெக்டரை 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்து வைக்காத கணக்கு. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்; எத்தனால் கலந்தால் எரிபொருள் அதிகம் தேவை.

பம்ப் வாங்கும்போது 'மணிக்கு இத்தனை லிட்டர்' என்பதை மட்டும் பார்க்காதீர்கள். அழுத்தம் ஏற ஏற பம்ப் தரும் அளவு குறையும். ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயில்) 3 பார், பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் கூட்டும் காற்றழுத்தம்) 0.5 பார் என்றால், பெட்ரோல் அழுத்தமும் அதே அளவு ஏற, அதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கு மேனிஃபோல்டிலிருந்து (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயிலிருந்து) வேக்குவம் ஹோஸ் போயிருக்க வேண்டும்; பம்ப் 3.5 பாரில் எவ்வளவு தரும் என்று கேளுங்கள். சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் கேட்டால் பலர் முழிப்பார்கள், சரி, எந்த அழுத்தத்தில் எவ்வளவு தரும் என்று காட்டும் பம்ப்பின் சார்ட்டைக் கேட்டு வாங்குங்கள். இதற்காகப் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் பழைய பம்ப் தேடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பலர் மறப்பது பம்ப்புக்கு மின்சாரம் தரும் வயர். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ரிலே வைத்துத் தடித்த வயர் தனியாக இழுங்கள். எஞ்சின் ஓடும்போது பம்ப் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்தால் 13 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும்.