புற ஊதாவில் செயலிழந்த வைரஸ் ஆர்.என்.ஏ.வை ஒளியால் மீட்பது எப்படி?

முழு புகையிலைத் தேமல் வைரஸில் இது பலிக்காது. புரத உறை நீக்கிய ஆர்.என்.ஏ.தான் வேண்டும், இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பாவ்டனும் கிளெச்கோவ்ஸ்கியும் 1959இல் அதில்தான் மீட்பைக் காட்டினார்கள்.

செடி: நிக்கோட்டியானா குளூட்டினோசா (புகையிலையின் உறவுச் செடி). வைரஸ் நுழைந்த இடத்தில் கருகல் புள்ளி விழும், எண்ணிவிடலாம். இலையில் ஆர்.என்.ஏ.வைத் தடவுவதற்கு முந்தைய நாள் முழுக்கச் செடியை இருட்டில் வையுங்கள்.

1. ஆர்.என்.ஏ.வை மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் அளவில், பி.எச். 7 பாஸ்பேட் பஃபரில் கரையுங்கள். பனிக்கட்டி மேல் வையுங்கள், கையுறை கட்டாயம்: விரலில் இருக்கும் ஆர்.என்.ஏஸ் நொதி போதும், எல்லாம் பாழ்.

2. மூடி இல்லாத பெட்ரித் தட்டில் 2 மி.மீ. ஆழத்துக்கு ஊற்றி, 254 நானோமீட்டர் விளக்கின் கீழ் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். கண்ணாடி மூடி இந்தக் கதிரை விடாது. பென்டோனைட் (ஆர்.என்.ஏஸைப் பிடித்துவைக்கும் களிமண்) சேர்ப்பதானால் இதற்குப் பிறகுதான். முன்பே போட்டால் கலங்கிக் கதிரை மறைக்கும். தடவிய பின் இருட்டிலேயே விட்ட செடியில் சுமார் 10% வீரியம் மிஞ்சும் நேரத்தை முன்னோட்டத்தில் கண்டுபிடியுங்கள். கண்ணும் தோலும் பத்திரம்.

3. இலையில் கார்போரண்டம் (இலையில் நுண்ணிய கீறல் போடும் உராய்வுத் தூள்) தூவுங்கள் (600 மெஷ்தான் என் தேர்வு, கரடானது இலையைக் கிழிக்கும்). இடப்பாதியில் கதிர்பட்டதையும், வலப்பாதியில் கதிர்படாததைப் பத்து மடங்கு நீர்த்தும் தடவுங்கள். நீர்க்காவிட்டால் புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும்.

4. பலரும் சறுக்கும் இடம் இதுதான். மீட்பு நடப்பது இலைக்குள். கரைசலுக்கு மட்டும் ஒளி காட்டிப் பயனில்லை. அதனால் தடவும்போதே அறை விளக்கு எரிந்தால் 'இருட்டு'ச் செடியிலும் மீட்பு தொடங்கிவிடும், பிறகு இரு குழுவும் ஒரே மாதிரி தெரியும். மங்கிய சிவப்பு விளக்கில் வேலை செய்யுங்கள். தடவியதும் பாதிச் செடிகளை உடனே நீல ஒளி நிறைந்த வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். சில மணி நேரம் தள்ளினால் பலன் குறையும். மீதியை மறுநாள் வரை இருட்டறையில் விடுங்கள். அட்டைப்பெட்டியை நம்ப வேண்டாம், இடுக்கு வழியே ஒளி கசியும்.

5. 22–25 டிகிரியில் வைத்து, 3ஆம் நாள் எண்ணுங்கள். 28 டிகிரிக்கு மேல் போனால் புள்ளி விழாமல் வைரஸ் செடி முழுக்கப் பரவும்.

கணக்கு: இடப்பாதி எண்ணிக்கையை வலப்பாதியால் வகுத்து, பத்தாலும் வகுங்கள். வெறும் இடப்பாதிகளை ஒப்பிடாதீர்கள். ஒளியே இலையின் ஏற்புத்திறனை மாற்றும். இருட்டில் 0.1, ஒளியில் 0.3 என்றால், 1 − (மடக்கை 0.3 ÷ மடக்கை 0.1) = 0.48. அதாவது சேதத்தில் ஏறக்குறைய பாதியை ஒளி சரிசெய்திருக்கிறது.

பின்சேர்க்கை: கதிர்படாத பக்கமே அரை இலைக்கு பத்துப் புள்ளிகூடத் தராவிட்டால் விளக்கைக் குறை சொல்லாதீர்கள், ஆர்.என்.ஏ. சிதைந்திருக்கிறது.