ஏற்காடு காப்பிப் பறிப்பு: முதலில் நோட்டு, பிறகு சங்கம்

கூலி கிலோ கணக்கில் என்றால் சண்டை தராசில்தான் வரும். அதனால் ஆளுக்கொரு நோட்டு போடுங்கள்: தேதி, எடை, சாக்குக்குக் கழித்தது, வாங்கிய முன்பணம். எடை போடும் இடத்திலேயே எழுத வேண்டும். ராத்திரி லைன் வீட்டில் (தோட்டத்துத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில்) நினைவுபடுத்தி எழுதினால், ஆள் பிடித்து வேலை வாங்கும் மேஸ்திரியின் கணக்கோடு மோதி நிற்காது. வெறும் சாக்கை ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள். சாக்கு ஒரு கிலோகூட வராமல் இரண்டு கிலோ கழித்திருந்தால், முதல் கோரிக்கை கிடைத்துவிட்டது. எழுதத் தெரியாதவர் தராசைப் போனில் படம் எடுக்கட்டும்.

லைனுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் எனப் பொறுப்பாளர் வேண்டும். இந்தியோ ஒடியாவோ பேச ஆளில்லாத கூட்டத்தில் வெளிமாநிலத்தார் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மேஸ்திரியை மட்டும் சேர்க்காதீர்கள்; முன்பணம் கொடுத்த கை அது.

சங்கப் பதிவுக்கு 7 பேர் விண்ணப்பிக்கலாம். கூடவே அங்குள்ள தொழிலாளரில் 10 சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ, உறுப்பினராக இருக்க வேண்டும். பதிவாவதற்குள் விண்ணப்பித்தவர்களில் பாதிக்கு மேல் விலகினால் விண்ணப்பம் செல்லாது. பறிப்பு முடிந்ததும் பலர் ஊருக்குப் போய்விடுவார்கள். ஆகவே 7 பேரில் 4 பேராவது மலையிலேயே இருப்பவர்களாகப் பார்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.