ஹாட் ஹேட்ச் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் கார்ப் பைத்தியங்களுக்குப் பஞ்சமே இல்லை. சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்தவர் அங்கே ஓட்டிய காரைப் பற்றிப் பேசுவார். தேவகோட்டைக்காரர் ஒருவர் பழைய ஃபோக்ஸ்வேகன் போலோவை விற்க மனமில்லாமல் வைத்திருப்பார். கல்யாண வீட்டு வளவில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் இந்த இருவரும் மாட்டிக்கொண்டால் போதும், நல்ல ஹாட் ஹேட்ச் எது என்ற பேச்சு தொடங்கிவிடும். இலை போட்டாச்சு என்று ஆள் வந்து கூப்பிட்டாலும் முடியாது.

ஹாட் ஹேட்ச் என்பது சிக்கலான சமாச்சாரம் இல்லை. சாதாரண ஹேட்ச்பேக் (டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிராத) காரை எடுத்து, வலுவான இன்ஜின் வைத்து, சஸ்பென்ஷனையும் பிரேக்கையும் இறுக்கி, சம்பளக்காரர் யோசித்துப் பார்க்கக்கூடிய விலையில் விற்பது. சாதாரண நாளில் வீட்டுக் கார், ஆள் தனியாக இருக்கும்போது விளையாட்டுக் கார். இந்த இரண்டு வேலையில் ஒன்றை மறந்துவிட்டுப் பேசுவதால்தான் வாதம் கெட்டுப்போகிறது.

குதிரைத்திறனை மட்டும் வைத்து அளப்பது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். "உன் வண்டி எத்தனை பிஹெச்பி?" என்று கேட்டுவிட்டு, பெரிய எண் சொன்னவர் ஜெயித்ததாக முடித்துவிடுகிறார்கள். 1975 பிராங்க்பர்ட் கண்காட்சியில் காட்டப்பட்டு அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த முதல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐயை எடுத்துக்கொள்வோம். 1.6 லிட்டர் இன்ஜின், 110 குதிரைத்திறன். இன்று இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 'என் லைன்' (N Line) காருக்கு 120. எண்ணை மட்டும் பார்த்தால் நம் ஊர்க் கார்தான் உசத்தி. ஆனால் அந்தக் கோல்ஃபின் எடை சுமார் 810 கிலோதான். ஒரு டன்னுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று வகுத்துப் பார்த்தால் 135ஐத் தாண்டுகிறது. இன்றைய கார்களில் ஏர்பேக், மோதல் பாதுகாப்புக் கட்டுமானம், ஏசி என்று எல்லாம் சேர்ந்து எடை கூடிவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

ஐயாயிரம் கார் விற்றால் போதும் என்ற நினைப்பில்தான் ஃபோக்ஸ்வேகன் அந்த ஜிடிஐயை இறக்கியது. முதல் தலைமுறை மட்டும் நாலரை லட்சத்துக்கு மேல் விற்றது. அதற்குக் காரணம் 110 என்ற எண் மட்டும் இல்லை. அதே காரில் பின்னால் பிள்ளைகளை உட்கார வைக்கவும் முடிந்தது.

குதிரைத்திறனைவிட நம் சாலைக்கு முக்கியமானது, இழுவை எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் எத்தனை சுற்று) கிடைக்கிறது என்பது. காரைக்குடியிலிருந்து அறந்தாங்கிப் பக்கம் போகிறீர்கள் என்று வையுங்கள். புதுவயலைத் தாண்டியும் ஊருக்கு ஊர் ஸ்பீட் பிரேக்கர். ஒவ்வொன்றிலும் 20க்கு இறங்கி மறுபடி 70, 80க்கு ஏற வேண்டும். முன்னால் டவுன் பஸ், எதிரே வைக்கோல் லாரி, கிடைப்பது சின்ன இடைவெளி. இந்த இடத்தில் கார் மூன்றாவது கியரில் 40லிருந்து 80க்கு எப்படிப் போகிறது என்பதுதான் கேள்வி. பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐயில் 1.2 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி ஊட்டும்) இன்ஜின், 105 குதிரைத்திறன்தான். ஆனால் 175 என்எம் இழுவை (டார்க்) 1500 ஆர்பிஎம்மிலேயே கைக்கு வந்துவிடும். நேர்மாறான உதாரணம் 1997ல் ஜப்பானில் வந்த முதல் ஹோண்டா சிவிக் டைப் ஆர். டர்போ கிடையாது, 1.6 லிட்டரில் 185 குதிரைத்திறன், ஆனால் அது முழுதாக வெளிவருவது 8200 ஆர்பிஎம்மில். மகத்தான இன்ஜின், சந்தேகமே இல்லை. அதைத் தினமும் கோட்டையூர் ரயில்வே கேட்டில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால், அதன் அருமை வாரத்துக்கு ஒரு தடவைகூடத் தெரியாது.

பூஜ்யத்திலிருந்து நூறு எத்தனை வினாடி என்ற கணக்கிலும் இதே சிக்கல். இரண்டாவது கியரிலேயே நூறைத் தொடும் காருக்கும், 95ல் மூன்றாவது கியர் போட வேண்டிய காருக்கும் கியர் மாற்றும் நேரம் வித்தியாசப்படும். டயர், தரை, கிளட்சை விடும் கால் என்று இன்னும் பல விஷயம் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. அரை வினாடிக்காக நட்பை முறித்துக்கொள்ள வேண்டாம்.

ஜெர்மன் டிராக்கின் அளவுகோலைச் செம்மண் சாலைக்குக் கொண்டுவருவது

யூடியூப் செய்த வேலை இது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையின் வடக்குச் சுற்று 20 கிலோமீட்டருக்கும் மேல். 2023ல் புதிய சிவிக் டைப் ஆர் அதை 7 நிமிடம் 44.881 வினாடியில் சுற்றி முன்சக்கர இயக்கக் கார்களில் சாதனை படைத்தது. பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அந்த வேகத்துக்கான இறுக்கமான சஸ்பென்ஷனும் பக்கச்சுவர் ஒல்லியான டயரும் பெயின்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கருக்காகச் செய்யப்பட்டவை அல்ல. இரவில் கண்டனூர்ப் பக்கம் அப்படி ஒன்றில் ஏறி இறங்கியவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நம் வட்டாரச் சாலையின் குணத்தைக் கொஞ்சம் பாருங்கள். தரை சமம், சாலை நேர். திருமயத்திலிருந்து காரைக்குடி வரும் வழியில் சொல்லிக்கொள்ளும்படி வளைவே இல்லை. ஊருக்குள் நுழைந்தால் நிலைமை தலைகீழ். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ தெருக்கள் கட்டம் போட்ட மாதிரி ஒன்றையொன்று வெட்டும். வீட்டு மதில் தெரு ஓரம் வரைக்கும் நிற்கும், முனை திரும்பும்வரை எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. ஆட்டு மந்தையாக இருக்கலாம், சுற்றுலாப் பயணிகளின் வேனாக இருக்கலாம். ஆகவே நமக்கு வேண்டியது: மெல்ல மிதித்தாலும் நம்பிக்கையாகப் பிடிக்கும் பிரேக், லேசான ஸ்டியரிங், மேடுபள்ளத்தில் ஒரே அமுக்கில் அடங்கிவிடும் சஸ்பென்ஷன். குண்டு குழியில் ஏறி இறங்கிய பிறகு கார் இரண்டு மூன்று தரம் ஆடினால் அது மென்மையான சஸ்பென்ஷன் இல்லை, டேம்பர் (ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) சரியில்லை என்று அர்த்தம். இறுக்கம் வேறு, கட்டுப்பாடு வேறு. இதைக் குழப்பிக்கொள்பவர்கள்தான் "கல்லு மாதிரி இருக்கு, அப்ப ஸ்போர்ட்ஸ் காருதான்" என்பார்கள்.

அப்படியானால் ஹேண்ட்லிங்கைப் பற்றி இங்கே இருந்துகொண்டு பேசவே கூடாதா? பேசலாம், ஆனால் வளைவு உள்ள இடத்துக்குப் போய் வந்து பேச வேண்டும். திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் போய்விட்டால் பக்கத்திலேயே சிறுமலை, 18 கொண்டை ஊசி வளைவுகள். ஆசை தீராதவர்களுக்குக் கொல்லிமலை இருக்கிறது, அங்கே 70. அதில் ஒரு தடவை நிதானமாக ஏறி இறங்கியவர் பேச்சும், காலேஜ் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போனவர் பேச்சும் ஒன்றாக இருக்காது.

ஸ்டிக்கரைப் பார்த்து மயங்குவது, ஸ்டிக்கரைப் பார்த்துச் சிரிப்பது

ஹூண்டாயின் 'என்' (N) வேறு, 'என் லைன்' வேறு. ஐரோப்பாவில் விற்ற ஐ20 என் காரில் 1.6 லிட்டர் டர்போ, 204 குதிரைத்திறன். நமக்குக் கிடைத்தது 1.0 லிட்டர் டர்போ கொண்ட என் லைன். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது தவறு. அதே சமயம் "வெறும் சிவப்புக் கோடுதானே" என்று என் லைனைத் தள்ளுவதும் தவறு. சாதாரண ஐ20யைவிட இறுக்கமான சஸ்பென்ஷன், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் என்று வேலை நடந்திருக்கிறது. 2024ல் வந்த டாடா அல்ட்ராஸ் ரேசரும் இந்த வரிசைதான்: 1.2 லிட்டர் டர்போ, 120 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல். என்னைக் கேட்டால் இவை வெதுவெதுப்பான கார்கள், சூடானவை அல்ல. வெதுவெதுப்பு கேவலமான விஷயமும் இல்லை.

"நம்மள ஏமாத்துறானுங்க" என்று கம்பெனியைத் திட்டுவது

நல்ல இன்ஜின் இருந்தும் ஏன் இந்தியாவுக்குக் கொடுக்கவில்லை என்ற கோபம் எல்லோருக்கும் உண்டு. பாதி பதில் வரியில் இருக்கிறது. 2006 பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16ஆகக் குறைந்தது. சிறிய கார் என்றால் நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள் இன்ஜின். அந்தக் கோடு இன்னும் அப்படியே இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு உள்ளே இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம், வெளியே போனால் 40. அதே கூட்டில் 1.6 லிட்டர் இன்ஜினைப் பொருத்தினால் என்ன ஆகும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர் டர்போக்கள் நம் நாட்டில் பெருகியதில் இந்தக் கோட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

கோட்டைத் தாண்டியும் சிலர் முயன்றார்கள். 2015ல் ஃபியட் தன் புன்டோவில் 1.4 லிட்டர் டர்போ வைத்து, 145 குதிரைத்திறனோடு, பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த ஷோரூம் விலையில் அபார்த் என்ற பெயரில் விட்டது. அடுத்த ஆண்டு 192 குதிரைத்திறன் போலோ ஜிடிஐ இறக்குமதியாக வந்தது, விலை 25 லட்சத்துக்கு மேல். அதுவும் பக்கத்துக்கு ஒரே கதவு. அப்பத்தாவைப் பின்சீட்டில் ஏற்றி குன்றக்குடிக்குக் கூட்டிப்போக வேண்டிய வீட்டில் அந்தக் கார் எத்தனை நாள் நிம்மதியாக இருந்திருக்கும்? 2018ல் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் கூட்டாகச் செய்த டியாகோ ஜேடிபி வந்தது, 114 குதிரைத்திறன், ஏழு லட்சத்துக்குள். நம் தமிழ்நாட்டுக்காரர்கள் கை வைத்த கார். பிஎஸ்6 மாசு விதி வந்ததும் அது போய்விட்டது, மாருதியின் பலேனோ ஆர்எஸ்ஸும் போய்விட்டது. இந்தக் கார்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசியவர்களில் பெரும்பாலோர் கடைசியில் மைலேஜ் கேட்டு வேறு கார் எடுத்தார்கள். திட்டுவதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்ளலாம். 2025ல் கோல்ஃப் ஜிடிஐ ஒருவழியாக இந்தியாவுக்கு வந்தபோது விலை 53 லட்சத்தை ஒட்டி இருந்தது. 265 குதிரைத்திறன், அருமையான கார்தான். ஆனால் சம்பளக்காரர் கையில் எட்டும் வேகம் என்ற பழைய கணக்கு அந்த விலையில் நிற்கவில்லை.

முன்சக்கர இயக்கம் என்றால் இளக்காரம்

இது சட்டென்று முடித்துவிடக்கூடியது. கோல்ஃப் ஜிடிஐ, 1984ல் வந்த பெஷோ 205 ஜிடிஐ, சிவிக் டைப் ஆர், எல்லாமே முன்சக்கர இயக்கம். இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்னாலேயே அடங்கிவிடுவதால்தான் பின்னால் டிக்கிக்கு இடம் கிடைக்கிறது. அதிக டார்க் வந்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், வளைவில் உள்பக்கச் சக்கரம் சும்மா சுழலும். அந்தச் சுழற்சியை அடக்கத்தான், சும்மா சுழலும் சக்கரத்துக்கே சக்தி முழுதும் போகாமல் பார்த்துக்கொள்ளும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல். டொயோட்டா 2020ல் ஜிஆர் யாரிஸுக்கு நான்கு சக்கர இயக்கம் கொடுத்தது உண்மை. அது ராலிப் பந்தயத்தை மனதில் வைத்துச் செய்த கார், தனிக் கதை.

கைவைத்துக் கெடுப்பது

வாதத்தில் தோற்றவர் மறுநாள் செய்யும் காரியம் இது. 15 அங்குல வீலைக் கழற்றிவிட்டு 17 அங்குலம் மாட்டுவார். டயரின் பக்கச்சுவர் ஒல்லியாகிவிடும், வீல் கனம் கூடும், ஒரு பள்ளத்தில் ரிம் வளையும். டயரின் மொத்த விட்டம் மாறினால் ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். அப்புறம் ரீமேப், அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றுவது. டர்போ இன்ஜினில் லேப்டாப்பை மாட்டினால் இருபது முப்பது குதிரைத்திறன் கூடுவது உண்மைதான். கிளட்ச், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் பழைய கணக்கிலேயே இருக்கும் என்பதும் உண்மை. வாரன்டி போகும், இன்சூரன்ஸில் கேள்வி வரும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவும் இடம் தராது. சத்தம் போடும் சைலன்ஸர் மாட்டுபவர்களைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை. பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் முதலில் நல்ல டயர், நல்ல பிரேக் பேட்.

விற்பனையில் இல்லாத காரை ஜெயிக்க வைப்பது

ஃபியட் போய்விட்டது. ஃபோர்டு 2021ல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தியது, போலோ 2022ல் நின்றது. ஆனாலும் வாதத்தில் இன்னும் இவைதான் ஜெயிக்கின்றன. பழைய காரை எடுப்பது தவறில்லை, ஆனால் அதை ஓட்டிப் பார்க்கிற மாதிரியே விசாரித்தும் பார்க்க வேண்டும். 1.2 லிட்டர் போலோ ஜிடி டிஎஸ்ஐ என்றால் ஏழு கியர் டிஎஸ்ஜி (தானியங்கி) பெட்டியைப் பாருங்கள். அது உலர் கிளட்ச் வகை (எண்ணெயில் நனையாதது), நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போன காரில் சூடேறித் தேய்ந்திருக்கும். ஒன்று, இரண்டு கியர் மாறும்போது உதறினால் விலகிவிடுங்கள். அபார்த் புன்டோ என்றால் பாகம் எங்கே கிடைக்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டு வைக்க வேண்டும், ஏனென்றால் காரைக்குடியில் கிடைக்காது.

புதுக் கார் என்றால் ஷோரூம்காரர் பைபாஸில் நேராக ஓட்டிக் காட்டும் பத்து நிமிடம் போதாது. வீட்டு ஆட்கள் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போங்கள். ஏசியைப் போட்டு, ஒரு முரட்டு ஸ்பீட் பிரேக்கரில் குறுக்கே ஏறாமல் நேராக ஏறிப் பாருங்கள், அடியில் தட்டுகிறதா என்று தெரிந்துவிடும். ஆள் இல்லாத இடத்தில் மூன்றாவது கியரில் 40லிருந்து 80. பிறகு கண்ணாடியில் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு அழுத்தமாக ஒரு பிரேக். பின்சீட்டில் இருப்பவரைப் பேசவிடுங்கள், அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். திரும்பி வந்ததும் கிளட்ச் செட், முன் பிரேக் பேட், ஒரு டயர் ஆகியவற்றின் விலையையும், அவை மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வர எத்தனை நாள் ஆகும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.