எக்ஸ் முடக்கமும் பெண்களின் புற்றுநோயும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெண்ணின் உடற்செல்களில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முடங்கிக் கிடக்கும் என்று மேரி லயன் 1961இல் சொன்னார். தாய் தந்த எக்ஸா, தந்தை தந்ததா என்பது கருவின் தொடக்கத்தில் தற்செயலாக முடிவாகிறது. பாதிக்குப் பாதி வர வேண்டிய இந்த விகிதம் ஒரு பக்கம் சாய்ந்தால் புற்றுநோய் அபாயம் கூடுமா என்று தேடி ஆய்வுக்கு வரும் புதியவர்கள், வந்ததும் செய்கிற தவறுகள் இவை.

வயதை மறப்பது

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. மார்பகப் புற்றுநோயாளிகளின் இரத்தம் ஒரு பக்கம். பெரும்பாலோர் அறுபதை ஒட்டியவர்கள். ஒப்பிட எடுத்தது யாரை? ஆய்வகத்திலேயே கை நீட்டிய மாணவிகளை! நோயாளிகளிடம் சாய்வு அதிகம் என்று வரைபடம் போட்டு, புள்ளியியல் சான்றாகப் பி மதிப்பும் சேர்த்து, ஒருவர் பெருமையாகக் காட்டினார். வயது எங்கே என்றேன். பட்டியலில் அப்படி ஒரு பத்தியே இல்லை.

சில இரத்த ஸ்டெம் செல்களின் வாரிசுகள் மற்றவற்றை முந்திப் பெருகுவதால், வயது ஏற ஏற இரத்தத்தில் சாய்வு தானாகவே கூடும். அவர் அளந்தது பெரும்பாலும் முதுமையைத்தான். போதாக்குறைக்கு, சிலரிடம் கீமோதெரபிக்குப் பிறகு எடுத்த இரத்தம். அடிவாங்கிய மஜ்ஜை மிஞ்சிய செல்களிலிருந்து மறுபடி வளர்ந்திருக்கும். அதன் விகிதத்தை எப்படி நம்புவது? வயதுக்கு வயது பொருத்துங்கள், சிகிச்சைக்கு முன்பே இரத்தம் எடுங்கள். அப்புறமும் அது இரத்தத்தின் கதைதான். மார்பகத் திசுவில் வேறு விகிதம் இருக்கலாம்.

ஆண் டிஎன்ஏ வைக்காமல் வெட்டுவது

இந்தச் சாய்வை அளக்கும் ஹியூமாரா சோதனையில் நொதி வெட்டுவது மெத்தில் என்ற வேதிக்குறி ஏறாத, அதாவது செயல்படும் எக்ஸை. வெட்டுப்படாத முடங்கிய எக்ஸ் மட்டும் அடுத்து பிசிஆரில், அதாவது டிஎன்ஏவைப் பெருக்கும் படியில், பெருகும். அரைகுறையாக வெட்டினால் சாய்ந்த விகிதமும் சமமாகத் தெரியும். கூடவே ஓர் ஆணின் டிஎன்ஏவை வெட்டுங்கள். அவருடைய ஒரே எக்ஸ் செயல்படுவது என்பதால், பிசிஆருக்குப் பின் வரைபடத்தில் பீக் (உச்சம்) வரக்கூடாது. வந்தால் அன்றைய ஓட்டம் முழுக்கக் குப்பை.

கட்டியில் சாய்வைக் கண்டு வியப்பது

கட்டியின் செல்கள் ஒரே செல்லின் வாரிசுகள்; எல்லாவற்றிலும் ஒரே எக்ஸ்தான் முடங்கியிருக்கும். சாயாமல் என்ன செய்யும்?

பார் உடல் இல்லையென்றால் எக்ஸ் விழித்துவிட்டது என்பது

பார் உடல் என்பது முடங்கிய எக்ஸ் சுருண்டு நுண்ணோக்கியில் தெரியும் புள்ளி. மார்பகக் கட்டிகளில் பல நேரம் முடங்கிய எக்ஸ் தொலைந்தே போயிருக்கும். செயல்படும் எக்ஸ் இரட்டித்திருக்கும். முதலில் எக்ஸை எண்ணுங்கள்.

முடங்கியது முழு மௌனம் என்பது

இல்லை. கட்டியை அடக்கும் கேடிஎம்6ஏ போன்ற மரபணுக்கள் முடங்கிய எக்ஸிலிருந்தும் வேலை செய்கின்றன. பெண்ணுக்கு இரண்டாவது பிரதி ஒரு காப்பு. அதைக் கணக்கில் எடுக்காமல் ஆண், பெண் புற்றுநோய் வித்தியாசம் முழுவதையும் ஹார்மோன் தலையில் கட்டாதீர்கள்.